பனி தள்ளும் லோடரும் ஒரு மூட்டை உப்பும்

கனடாவிலிருந்து என் தங்கை ஸ்டெல்லா போன் செய்தபோது நான் உப்புக் குவியலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. தண்ணீரையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது உப்பு. அதைச் சோற்றில் போட முடியாது, வாங்கவும் ஆள் கிடையாது. மேடான இடத்தில் குவித்து, தார்பாய் போட்டு மூடி, மழைத் துளி படாமல் காவல் காப்பதுதான் வழி. குவியலைத் தள்ளி ஒதுக்க ஒரு குட்டி லோடர் உண்டு. ஸ்கிட் லோடர் என்பார்கள். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கை லீவர்களை வைத்தே நின்ற இடத்தில் சுழற்றலாம். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நான்தான்.

"அண்ணா, நீ ஓட்றியே குட்டி லோடரு, அதே மாதிரி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டோம்," என்றாள்.

"இன்னாத்துக்கு? அங்க இன்னா உப்பா இருக்குது தள்றதுக்கு?"

"பனி தள்றதுக்குண்ணா."

விஷயம் இதுதான். அவள் கணவர் அருள் அங்கே லாரி ஓட்டுகிறவர். அந்தச் சின்ன ஊரில் டயாலிசிஸ் செய்கிற கிளினிக் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதன் வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் விழுகிற பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்திருக்க ஒப்பந்தம் எடுத்திருந்தார்கள். லோடர் வந்து இறங்கிய வாரமே அருள் லாரியிலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். வசந்தம் வரும்வரை லாரியும் இல்லை, லோடரும் இல்லை. அந்தக் கிளினிக் வேலை ஒன்றுதான் குளிர்காலத்துக்கு அவர்கள் வீட்டுச் சோறு. முதல் பனிக்கே போய் நிற்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நான் விசிட்டர் விசால வந்து வண்டி ஓட்டினா புடிச்சி உள்ள வெச்சிடுவான். யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டேன்.

"வேற யாரு? நான்தான். நீ செட் பண்ணிக் குடு, எனக்குச் சொல்லிக் குடு, அது போதும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிற லைனில் இருந்தவள். ஊரில் இருந்தவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வசைக் கட்டுரையாகிவிடும், விட்டுவிடுகிறேன். டொரன்டோவில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒரு பெண், என் பெட்டியிலிருந்த மக்கன் பேடா டப்பாவைக் கையில் எடுத்து, உள்ளே இறைச்சி உண்டா என்று கேட்டார். ஆற்காட்டில் வாங்கியது, இனிப்பு என்றேன். ஒன்றைப் பிட்டுக் காட்டச் சொன்னார். பாகில் ஊறியது பிசுபிசுவென்று அவர் கையுறையில் ஒட்டிக்கொண்டது. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் பாதி கோபம், பாதி பசி. போங்கள் என்று கையாட்டிவிட்டார்.

என்னை அழைத்துப் போக வந்தவர் குர்தீப் என்கிற பஞ்சாபி டாக்சிக்காரர். அருளுக்குத் தெரிந்தவர். ஆம்பூரில் வளர்ந்தவனுக்கு உருது காதோடு வந்துவிடும் என்பதால் நான் தைரியமாகப் பேச ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இந்த பாஷையை எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று விசாரித்தார். எங்கள் தெருவில் என்றேன். அவர் சிரித்து ஓய்வதற்குள் வண்டி சாலையில் ஒரு பக்கமாக வழுக்கி, மெல்லத் திரும்பி, ஓரத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அடி எதுவும் இல்லை. பின்னால் வந்த ஒருவர் நிறுத்தி, பெயர்கூடக் கேட்காமல், கயிறு போட்டு எங்களை இழுத்து மேலே விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊராக இருந்தால் இழுத்து விட்டிருப்பார்கள்தான். ஆனால் அதற்கு முன் யார் மேல் தப்பு என்று நாலு பேர் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் எதிரே அந்த லாரி வந்தது. பின்னால் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெள்ளையாக எதையோ சாலையெங்கும் வாரி இறைத்துக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று பட்டது.

"என்ன அது?" என்றேன்.

"உப்பு," என்றார் குர்தீப். "ஐஸ் உருகுவதற்கு. இதைக் காலையிலேயே போட்டிருந்தால் நாம் பள்ளத்தில் விழுந்திருக்க மாட்டோம்."

நான் திரும்பித் திரும்பி அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே போனேன். தரையில் ஒரு பிடி உப்பு சிந்திவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம். இங்கே தரையில் உப்பு கொட்டுகிறவனுக்குச் சம்பளம். தோல் கழிவின் உப்பு இறங்கிய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாலாற்று ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஸ்டெல்லா களி கிளறி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டு சொருகியிருந்தது. வாசனை மாடிப்படிக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் காஸ் கசிகிறது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு விடுவார்களாம், ஒருமுறை கூப்பிட்டும் விட்டார்களாம். அருள் ஒரு கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் களியை உருட்டி விழுங்கினார்.

"மச்சான், வண்டி நல்ல வண்டிதான். ஆனா போன ஓனரு கட்டட வேலைக்கு ஓட்டினது. பனிக்கு ஒண்ணுமே செட் ஆவல," என்றார்.

"பாத்துக்கலாம் மாப்ள. பனி இன்னா, பஞ்சு மாதிரி தானே," என்றேன். அருள் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். பின்பக்கம் ஒரு சின்னக் கொட்டகையில் லோடர் நின்றது. எங்கள் நிலையத்து வண்டிக்கு அண்ணன் மாதிரி இருந்தது, துரு மட்டும் கம்மி. எங்கள் ஊரில் உப்பு தின்ற இரும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புது வண்டி.

மூன்று நான்கு நாள் அதோடேயே கிடந்தேன். முதலில் மண் அள்ளுகிற பக்கெட்டைக் கழற்றிவிட்டு, பனி தள்ளுகிற பெட்டியை மாட்டினேன். இரண்டு பக்கமும் சுவர் வைத்த அகலமான பலகை அது. பனி பக்கவாட்டில் வழியாமல் முன்னாலேயே போகும். மாட்டுகிற பூட்டு இரண்டும் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும், சத்தத்தை நம்பக் கூடாது. பிறகு டயர். மணலில் புதையாமலிருக்க அகலமான டயர் போட்டிருந்தார்கள். பனியில் அது மிதக்கும், கடிக்காது. அருள் வாங்கி வைத்திருந்த ஒல்லி டயர்களை மாட்டினேன். பின்பக்கம் இரும்புக் கட்டிகளை வைத்துக் கனம் ஏற்றினேன்.

ஹைட்ராலிக் எண்ணெயை வடித்துவிட்டுக் குளிருக்கான மெல்லிய எண்ணெய் ஊற்றினேன். எங்கள் ஊரில் எஞ்சின் சூடாகிவிடக் கூடாதே என்று ரேடியேட்டரைக் கழுவிக்கொண்டே இருப்போம். இங்கே எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர். ராத்திரியெல்லாம் பிளக்கில் சொருகி வைக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் கூட இவ்வளவு பக்குவம் கிடையாது.

பெட்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் செருப்பு மாதிரி இரும்புத் துண்டுகள் உண்டு. அதன் உயரத்தை வைத்துத்தான் பலகை தரையை எவ்வளவு ஒட்டிப் போகும் என்பது முடிவாகும். எனக்குத் தரையோடு தரையாகச் சுரண்டித்தான் பழக்கம். அருள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்: "மச்சான், கொஞ்சம் தூக்கி வெய்யுங்க. தார் ரோட்ட பேத்துட்டா அதுக்கு வேற அழுவணும்." ஒரு மெல்லிய மரப்பலகையை அடியில் கொடுத்து, அந்த அளவுக்குத் தூக்கி முடுக்கினேன். புல்தரை எங்கே ஆரம்பிக்கிறது, சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்று பனி மூடிய பிறகு தெரியாது என்பதால், ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறக் குச்சிகளை அடித்து வைத்தோம்.

அடுத்தது ஸ்டெல்லாவை உட்கார வைப்பது. என் கவலையெல்லாம் அங்கேதான். அந்த வண்டியில் கை இரண்டும் ஓட்டுவதற்கு, கால் இரண்டும் பெட்டியைத் தூக்கி இறக்குவதற்கு. குதிகாலை அழுத்தினால் தூக்கும், முன்பாதத்தை அழுத்தினால் இறங்கும், இன்னும் முழுக்க அழுத்திவிட்டால் பெட்டி தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தானாக ஏறி இறங்கிக்கொண்டு போகும். எனக்கு அது பழகவே ஒரு மாதமானது. கற்றுக்கொண்ட புதிதில் கழிப்பறைச் சுவர் ஒன்றையே இடித்திருக்கிறேன்.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். காலை வைத்துப் பார்த்தாள். குதிகால், முன்பாதம், குதிகால். பெட்டி முட்டை மேல் உட்கார்வது போல் மெத்தென்று இறங்கியது.

"இது தையல் மிஷின் பெடல்தாண்ணா," என்றாள். "முன்னால அமுக்கினா ஓடும், குதிகால்ல அமுக்கினா தோல அமுக்கற ஊசிக்காலு தூக்கும். எட்டு வருஷம் இதத்தானே பண்ணினேன்."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கை லீவர் மட்டும் அவளுக்குப் பேஜாராக இருந்தது. இரண்டு தடவை வண்டி பம்பரம் போலச் சுற்றியது. மூன்றாம் நாள் கொட்டகையிலிருந்து எடுத்து, வாசலைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். அருள் ஒற்றைக் கையால் தொடையில் தட்டிக் கைதட்டினார்.

முதல் பனி விடியலுக்கு முன்பே விழுந்து முடிந்திருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, எங்கள் உப்புக் களம்தான் தோன்றியது. அதே வெள்ளை, அதே கண் கூச்சம். தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட இருந்தது. வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை.

ஸ்டெல்லா வண்டியில் ஏறினாள். நான் வெளியே நின்று, எங்கள் களத்தில் செய்கிற மாதிரியே கையால் சைகை காட்டினேன். கிளினிக்கின் வண்டி நிறுத்துமிடம் கொஞ்சம் சரிவானது. மேல்பக்கம் சாலை, கீழ்ப்பக்கம் சாக்கடை மூடியும் காலி நிலமும். நான் மேல்பக்கம் காட்டினேன்.

அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "கீழ்ப்பக்கம் தள்ளட்டாண்ணா? சாக்கடை அங்க தானே இருக்குது?"

"கீழ தள்ளுவியா? எதக் குவிச்சாலும் மேட்ல குவிக்கணும். நான் சொல்றத கேளு."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மேட்டிலேயே தள்ளினாள். பெட்டியை ஏற்றி ஏற்றி அழகான கூம்பாகக் குவித்துவிட்டோம். நான் அதைப் போட்டோ எடுத்து நிலையத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். 'தார்பாய் போட மறக்காதே' என்று ஒருவன் பதில் போட்டான்.

பிறகு உப்பு. மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கையால் தள்ளிக்கொண்டு போகிற ஒரு வண்டியில் கொட்டி, வாயைத் திறந்துவிட்டால் அது தூவிக்கொண்டே போகும். வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. அருள் அரைவாசி திறந்து வைத்திருந்தார். நான் அதைத் திருகி, ஒரு கீற்று அளவுக்குக் குறைத்தேன். ஓரத்திலிருந்த புல்லையும், இலை உதிர்ந்து நின்ற இரண்டு மரங்களையும் பார்த்தேன். என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பிடித்து நிறுத்தியது என் மூளை அல்ல, கை.

"இவ்ளோ கம்மியாவா?" என்றாள் ஸ்டெல்லா.

"போதும். இந்த மண்ணு நம்ம மண்ணு மாதிரி ஆவணுமா?"

அவள் அந்தத் திருகைத் தொடவில்லை. பருப்பு வேகாத வீட்டில் வளர்ந்தவள்தானே அவளும்.

அடுத்த நாள் நல்ல வெயில். குவியலின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து, சரிவில் கோடு கோடாக இறங்கி வந்தது. வண்டிகளுக்கு நடுவே வழிந்து, வாசல் நடைபாதையைத் தாண்டிச் சாக்கடைக்குப் போனது. நான் காப்பிக் கோப்பையோடு நின்று ரசித்தேன். எங்கள் குவியலிலிருந்து இப்படி ஒரு கோடு கிளம்பினால் நாங்கள் மண்வெட்டியோடு ஓடுவோம். இங்கே வெறும் தண்ணீர், போனால் போகட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் குளிர் ஏறியது.

விடிந்து நாங்கள் போனபோது புதுப்பனி எதுவும் இல்லை. தரை சும்மா ஈரமாக இருப்பது போலத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா லோடரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சூடானாலும் எண்ணெய் சூடாகும்வரை பெடலைத் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் இறங்கினார். வால்டர் என்று பெயர், அங்கே தவறாமல் வருகிறவர். கிளினிக் வாசலை நோக்கி நாலடி வைத்தார். அப்படியே காலிரண்டும் முன்னால் போய், மல்லாந்து விழுந்தார்.

நான் ஓடினேன், ஓடிய நானும் விழுந்தேன். தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். நேற்று நான் ரசித்த அந்தத் தண்ணீர். தவழ்ந்து போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். அந்த நிமிடம் இருந்த பயம் இதுவரை எனக்கு எதிலும் வந்ததில்லை.

உள்ளேயிருந்து ஆட்கள் வந்து அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து எடுத்துப் போனார்கள். சற்றுக் கழித்துக் கிளினிக்கின் பொறுப்பாளர் லிண்டா வெளியே வந்தார். இடுப்பு எலும்பு தப்பித்தது, மணிக்கட்டு மட்டும் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

"இங்கே வருகிறவர்கள் உயிரோடு இருப்பதற்காக வருகிறார்கள். பனி என்றாலும் புயல் என்றாலும் வந்தே ஆக வேண்டும். இன்னொருவர் விழுந்தால் நான் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்."

"என் தப்புதான்," என்றாள் ஸ்டெல்லா. என் பக்கம் திரும்பவேயில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டி, தப்பு என்னுடையது, தங்கையுடையது இல்லை, மேட்டில் குவிக்கச் சொன்னதும் உப்பைக் குறைத்ததும் நான் என்று சொன்னேன். லிண்டா பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம். ஆனால் நான் ஒப்பந்தம் போட்டது இவரோடு," என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவர் உள்ளே போனதும் ஸ்டெல்லா லோடரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் சைகை காட்டக் கையைத் தூக்கினேன். அவள் பார்க்கவில்லை. குவியலின் அடியில் பெட்டியைக் கொடுத்து, பெயர்த்து, கீழ்ப்பக்கம் சாக்கடைக்கு அப்பாலிருந்த காலி நிலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஐஸில் சக்கரம் சுழன்றபோது லீவரை விட்டு, பொறுத்து, திரும்ப மெல்லப் பிடித்தாள். நான் கற்றுக்கொடுக்காதது அது. போய் வந்து, போய் வந்து, நான் மெச்சிப் போட்டோ எடுத்த கூம்பு முழுவதையும் அவளே இடம் மாற்றினாள்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அடுத்த கார் உள்ளே வந்தது. ஒரு பெண் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாள். விசா கிசா எதுவும் அப்போது எனக்கு ஞாபகமில்லை. தள்ளுவண்டியைத் தேட நேரமில்லை. உப்பு மூட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்து, தோளில் அணைத்துக்கொண்டு, கை கையாக வாரி நடைபாதையெங்கும் இறைத்தேன். அளவு கிளவு பார்க்கவில்லை. ஓரத்துப் புல்லின் மேலும் விழுந்தது. விழட்டும் என்று இறைத்தேன். அந்த அம்மா மெல்ல மெல்ல நடந்து உள்ளே போய்ச் சேரும்வரை கை நிற்கவில்லை. காலடியில் ஐஸ் பொரிகிற மாதிரி சத்தம் போட்டு வெடித்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிரால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் குளிரால் இல்லை.

வால்டர் சிகிச்சை முடிந்து வெளியே வருவதற்கு மத்தியானம் தாண்டிவிட்டது. மணிக்கட்டில் கட்டு. நான் போய் முன்னால் நின்று, உப்பைக் குறைத்தது நான்தான் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார், உப்பாக மொறமொறத்தது.

"டாக்டர் என் சாப்பாட்டிலிருந்து உப்பை எடுத்துவிட்டார். நீங்கள் தரையிலிருந்தும் எடுத்துவிட்டீர்கள்," என்றார். "நல்லவேளை, திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்."

அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மக்கன் பேடா டப்பாவை நீட்டலாமா என்று நினைத்து, டாக்டர் அதையும் எடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி வீட்டில், சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவிக்கொண்டே ஸ்டெல்லா சொன்னாள்.

"வண்டி ஓட்ட நல்லா சொல்லிக் குடுத்தண்ணா. ஆனா எங்க தள்றதுன்னு நான் சொன்னப்ப நீ காதுலயே வாங்கல. இந்த ஊரு ஐஸ்ல தெனம் நடக்கறவ நானு."

"நம்ம ஊரு பழக்கம்மா. கை தானா மேட்ட காட்டிடுச்சி."

"தெரியுது. எனக்கும் உப்பு மூட்டைய பிரிக்கறப்பல்லாம் நம்ம கெணறுதான் ஞாபகம் வருது. அதுக்குன்னு ஒரு மனுஷன் உளுந்து கெடக்கணுமா?"

அருள்தான் நடுவில் வந்தார். "இங்கயும் ஏரிங்கள்ள உப்பு ஏறுதுன்னு பேசிக்கிறாங்க மச்சான். நீங்க நெனச்சதுல தப்பு இல்ல. ஆனா முன்னாடி பனிய சுத்தமா தள்ளிட்டா உப்பு தானா கம்மி ஆவும். அந்த வேலைதான் லோடருக்கு."

மறுநாளிலிருந்து நாங்கள் அப்படியே செய்தோம். நாங்கள் என்பது பெயருக்கு. ஸ்டெல்லா சொன்னாள், நான் ஸ்பேனர் பிடித்தேன். பெட்டிக்கு அடியில் ரப்பர் விளிம்பு ஒன்றை மாட்டச் சொன்னாள், தரையை வழித்துக்கொண்டு போவதற்கு. ஷூவின் மேல்தோலில் பசை வழிந்தால் ரப்பர் துண்டால்தான் வழித்தெடுப்பார்களாம். அதை வைத்து அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதன் பிறகு உப்பு உண்மையிலேயே குறைந்தது. எந்த இடத்துக்கு எவ்வளவு தூவ வேண்டும் என்பதையும் அவளே வைத்துக்கொண்டாள். வாசலுக்கு நிறைய, வண்டி நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம், மரத்தடிக்குக் கிடையவே கிடையாது. பிறகு யாரும் விழவில்லை. லிண்டா எங்களுக்கு இரண்டு பெரிய கோப்பையில் காப்பி அனுப்பினார். காப்பி கழுவின தண்ணீர் மாதிரிதான் இருந்தது, நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

நான் கிளம்பிய நாள் பெரிய பனி. விமானம் போகுமா போகாதா என்று இருந்தது. ஸ்டெல்லா விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டதால் வழியனுப்ப வர முடியவில்லை. குர்தீப் என்னை ஏற்றிக்கொண்டு கிளினிக் வழியாகவே போனார். லோடரின் ஆரஞ்சு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினேன். அவள் இரண்டு கையிலும் லீவர் இருந்ததால், பெட்டியை ஒரு முறை தூக்கி இறக்கினாள். குதிகால், முன்பாதம். குர்தீப் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை.

ஊர் வந்து சேர்ந்து, பழையபடி களத்தில் நின்றேன். கத்திரி வெயிலில் உப்பு கண்ணைக் குத்திக்கொண்டிருந்த ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணா, வர்ற பனிக்கும் நம்மளயே வரச் சொல்லிட்டாங்க லிண்டாம்மா," என்றாள் ஸ்டெல்லா. அருளுக்குத் தோள் சரியாகி லாரிக்குப் போய்விட்டாராம், ஆனால் லோடரை அவள் விடப் போவதில்லையாம்.

"பனிக் குவியல் இன்னா ஆச்சி?"

"எங்க இருந்ததுன்னே தெரியல. அப்படியே போய்ட்டுது. ஆனா ஒண்ணு. எல்லா எடத்துலயும் புல்லு வந்துட்டுது, நடைபாதை ஓரமா ஒரு எடத்துல மட்டும் மொட்டையா நிக்குது. அத சரி பண்ணுங்கன்னு சொல்லிக்கிறாங்க. நீ அன்னிக்கி கையால எறைச்ச எடம்ணா."

போட்டோ அனுப்பினாள். பச்சைக்கு நடுவே பழுப்பாக, ஒரு பாய் அகலத்துக்கு. எங்கள் நிலையத்து வேலிக்கு வெளியே இதே மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த அம்மா நடந்து உள்ளே போன வழி அது.

"ஜிப்சம் கெடைக்கும், வாங்கித் தூவு," என்றேன். "அப்புறம் தண்ணி விடு. மண்ணுல இருக்கற உப்பு கீழ எறங்கற வரைக்கும், ஊற ஊற, ஒரு வாரம் நல்லா விடணும். ஆனா நல்ல தண்ணியா பாத்து விடணும்."



"அண்ணா," என்றாள். "இங்க எல்லாமே நல்ல தண்ணிதாண்ணா."

சரி என்றேன். சில வாரங்கள் கழித்து இன்னொரு படம் வந்தது. பழுப்பின் நடுவில் ஊசி ஊசியாகப் பச்சை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ இருட்டியது. நிமிர்ந்தேன். ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் குவியலின் மேல் ஏறி, தார்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தேன்.